கெடிலம் ஏர்வேஸின் ஒரே பர்மனென்ட்

நெய்வேலியில் மனிதர்கள் இரண்டே வகை: பர்மனென்ட், காண்டிராக்ட். ஆண் பெண், சாதி மதம், நல்லவன் கெட்டவன் எல்லாம் அதற்குப் பிறகு வருகிற சில்லறைப் பிரிவுகள். பெண் கொடுக்கப் போகிறவர்கள் பையன் குடிப்பானா என்று விசாரிப்பதற்கு முன்னால் பர்மனென்டா என்று விசாரிப்பார்கள். ஆமாம் என்று பதில் வந்துவிட்டால் குடிப்பானா என்ற கேள்வியைக் கேட்காமலே எழுந்து வந்துவிடுவார்கள்.

பிரபாவதி பதினான்கு வருடமாகக் காண்டிராக்ட். ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் தட்டுகிற வேலை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அவளுடைய காண்டிராக்டர் தன் நிறுவனத்தின் பெயரை மாற்றுவார். மச்சான் பெயரில் இருந்தது மனைவி பெயருக்குப் போகும், மனைவி பெயரில் இருந்தது மாமியார் பெயருக்குப் போகும். ஒவ்வொரு முறையும் பிரபாவதி பழைய அட்டையைக் கொடுத்துவிட்டுப் புதிய அட்டை வாங்கிக்கொள்வாள். ஆக, பதினான்கு வருடத்தில் இருபத்தெட்டு தடவை புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள் அவள். எத்தனையோ தாள்களை நீட்டுவார்கள். பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போடுவாள். படித்துப் பார்க்கவேண்டும் என்று தோன்றியதே இல்லை. படித்தால் மட்டும் மாற்றி எழுதிவிடவா போகிறார்கள்?

கணவன் சிலம்பரசன் சுரங்கத்தில் கன்வேயருக்கு அடியில் சிந்துகிற மண்ணை அள்ளுகிறவன். அவனும் காண்டிராக்ட்தான். மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு. அந்த வீட்டில் பர்மனென்ட் என்று சொல்லிக்கொள்ள இருந்தது கூரையில் ஒழுகுகிற ஓட்டை ஒன்றுதான்.

அப்படிப்பட்டவளிடம் 2014 மே மாதத்தில் கொளஞ்சிநாதன் வந்து, "உன்ன பர்மனென்ட் பண்றேம்மா" என்றால் என்ன ஆகும்? எங்கே, எதற்கு என்று அவள் கேட்கவே இல்லை. எப்போது என்று மட்டும்தான் கேட்டாள்.

கொளஞ்சிநாதன் காடாம்புலியூர்க்காரர். மூன்று முந்திரி ஃபாக்டரிக்குச் சொந்தக்காரர். முந்திரி உடைக்கிற மிஷின் பார்க்க வியட்நாம் போனவர், அங்கே ஏதோ ஒரு தீவுக்கு ஒன்பது பேர் உட்காருகிற குட்டி விமானத்தில் போய் வந்தார். திரும்பி வரும்போது மிஷினை மறந்துவிட்டார், விமானத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு வந்தார். நெய்வேலிப் பக்கத்தில் ஆடுகள் அசைபோடுகிற பழைய ஓடுபாதை ஒன்று சும்மாவே கிடந்தது. சுரங்க டவுன்ஷிப்பின் பெரிய ஆபீசர்கள் மீட்டிங், மீட்டிங் என்று வாரம் தவறாமல் சென்னைக்குக் காரில் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அவர்களை நாற்பது நிமிஷத்தில் கொண்டுபோய் இறக்கினால் என்ன? மொத்தமாக வாடகைக்கு விடுகிற சார்ட்டர் விமானக் கம்பெனி. பெயர், கெடிலம் ஏர்வேஸ். வருஷத்தில் பத்து மாதம் தண்ணீரே இல்லாத ஆற்றின் பெயரை வைத்ததாலோ என்னவோ, ஆரம்பித்து வெகுகாலம் கம்பெனியில் விமானமே இல்லை.

ஒரு வழியாக ஆகஸ்டில் விமானம் வந்து இறங்கியது. வெள்ளை உடம்பு, பச்சைக் கோடு, வாலில் பெரிதாக ஒரு முந்திரிப்பருப்புப் படம். தூரத்திலிருந்து பார்த்தால் சிறுநீரகம் மாதிரியே இருந்தது. எந்த ஆஸ்பத்திரியுடையது என்று முதல் வாரம் முழுக்க ஆட்கள் வந்து கேட்டார்கள்.

கேப்டன் தேஷ்பாண்டேயும் துணை விமானியும் மெக்கானிக்கும் பெங்களூர் ஏஜென்சி வழியாக வந்த காண்டிராக்ட். பெட்டி தூக்குகிற உள்ளூர்க்காரர்கள் ஐந்து பேரும் காண்டிராக்ட். பிரபாவதி மட்டும் ஜூலை ஒன்றாம் தேதி சேர்ந்த புரொபேஷன். ஒரு வருடம் ஒழுங்காக இருந்தால் அடுத்த ஜூலை ஒன்றில் நிரந்தரம். அவளை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று கொளஞ்சிநாதனைக் கேட்டால் நல்ல பெண், பொறுப்பான பெண் என்பார். எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடுகிறவள் என்று காண்டிராக்டர் சொல்லித்தான் அவருக்கு அவளைத் தெரியும்.

பெங்களூரில் ஐந்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். சின்ன விமானம் இஞ்சினால் மட்டும் பறப்பதில்லை, கணக்குப் போட்டால்தான் பறக்கும் என்று அங்கேதான் பிரபாவதி தெரிந்துகொண்டாள். ஏறுகிற ஒவ்வொருவரின் எடை, ஒவ்வொரு பையின் எடை, யார் எந்த வரிசையில் என்பதை எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கூட்டிக் கேப்டனிடம் கொடுக்கவேண்டும். அதற்கு லோடு ஷீட் என்று பெயர். கூட்டல் எல்லையைத் தாண்டினால் விமானம் எழும்பாது. பின்பக்கம் பாரம் கூடிவிட்டால் மூக்கைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும். அவளுக்கு அந்தப் பாடம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. வாழ்க்கையில் முதல் தடவையாக, தான் எழுதுகிற எண்ணால் உலகத்தில் ஏதோ நடக்கப்போகிறது.

பண்ருட்டி பலாப்பழ மண்டியில் தேடி, ஆளே ஏறி நிற்கிற மாதிரி ஒரு எலக்ட்ரானிக் தராசு வாங்கிவந்தாள். சிவப்பு எண்கள் இருபதடி தூரத்துக்குத் தெரியும். ஓடுபாதை ஓரம் கம்பெனி போட்டிருந்த ஷெட்டின் வாசலில் அதை வைத்துத் துடைத்து, மூலைகளில் மஞ்சள் குங்குமமும் வைத்தாள்.

முதல் பயணத்துக்கு ஒன்பது ஆபீசர்கள் வந்தார்கள். அவர்களில் மூத்தவர் தங்கராசு. அவர் நுழைவதற்கு இரண்டு விநாடி முன்னால் அவருடைய வயிறு நுழையும்.

"சார், இதுல ஏறி நில்லுங்க சார். எடை பாக்கணும்" என்றாள் பிரபாவதி.

தங்கராசு தராசைப் பார்த்தார். பின்னால் நின்ற தன் கீழ் ஆபீசர்கள் எட்டுப் பேரைப் பார்த்தார். அவர்களுக்கும் பின்னால் காண்டிராக்ட் ஆட்கள் ஐந்து பேர் சிவப்பு எண்கள் தெரிகிற இடமாகப் பார்த்து நகர்ந்து நிற்பதையும் பார்த்தார்.

"நான் என்ன பலாப்பழமாம்மா?"

கொளஞ்சிநாதன் செருப்பு நழுவ ஓடிவந்தார். "சார் சார், தெரியாம செஞ்சிட்டா சார், மன்னிச்சிக்கணும்." பிறகு பிரபாவதியின் பக்கம் திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏம்மா, பெரிய மனுசங்கள நிக்க வச்சி நிறுக்கிறியே, உனக்கு இன்னா கொழுப்பு" என்றார். தராசை மேஜைத்துணியால் மூடி அதன்மேல் பூச்சாடி வைத்தார்கள்.

எடைக்கு மாற்று வழியைத் தங்கராசுவே சொன்னார். டவுன்ஷிப்புக்கே உரிய வழி. ஒவ்வொருவரும் தம் எடையைப் படிவத்தில் எண்ணாலும் எழுத்தாலும் எழுதவேண்டியது. அதை மேலதிகாரி சரிபார்த்துக் கையெழுத்திட்டு முத்திரை போடவேண்டியது. முத்திரை இல்லாத உண்மையை அந்த ஊரில் யாரும் நம்பமாட்டார்கள், முத்திரை விழுந்த பொய்யை யாரும் சந்தேகப்படமாட்டார்கள்.

தங்கராசு எழுபத்திரண்டு கிலோ என்று எழுதினார். அடுத்த கிரேடில் இருந்த ராமசாமி பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தார். பார்வைக்கு அவர் தங்கராசுவைவிட ஒரு சுற்றுப் பெரியவர். ஆனால் சாரைவிடக் கூடுதல் எடை என்று எழுத்தில் கொடுப்பது சரியாக இருக்குமா? எழுபத்தொன்று என்று எழுதினார். அவருக்கு அடுத்தவர் எழுபது. அதற்கடுத்தவர் அறுபத்தொன்பது. இப்படியே இறங்கிக்கொண்டு வந்தது. கடைசி ஆள் மதிவாணன், உதவிப் பொறியாளர், மாநில அளவில் கபடி ஆடியவர், ஆள் கதவு அளவு இருப்பார். அவருக்கு அறுபத்து நான்குதான் மிச்சம் இருந்தது. சீனியாரிட்டி அதற்குமேல் இடம் தரவில்லை.

மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு கிலோ. பிரபாவதிக்குக் கண் இருந்தது. மண்டியில் ஆட்கள் பழத்தைத் தூக்கிப் பார்த்தே எடை சொல்வது போல, அவளும் ஆளைப் பார்த்தே சொல்லிவிடுவாள். குறைந்தது இருநூறு கிலோ இடிக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் படிவத்தில் இருப்பதை லோடு ஷீட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு, கேப்டனிடம் நீட்டினாள். கேப்டன் தாளையும் பார்த்தார், படியில் ஏறிக்கொண்டிருந்த தங்கராசுவையும் பார்த்தார்.

"பேப்பர் ஓகே" என்றார் அரைகுறைத் தமிழில். "பேப்பர் ஓகேன்னா நான் ஓகே."

அவரும் காண்டிராக்ட்தானே. பறக்கிற மணிக்கணக்குக்குத்தான் அவருக்குப் பிழைப்பு.

விமானம் ஓடுபாதையின் முக்கால்வாசி தூரம் ஓடிவிட்டு, மனசில்லாமல் எழும்பியது. எழும்பியதே என்று எல்லோரும் கை தட்டினார்கள்.

அந்தக் கைதட்டலில் கொளஞ்சிநாதனுக்குத் தலைகால் புரியவில்லை. முந்திரிக்காரர் என்று யாராவது சொன்னால், "இப்ப ஏவியேஷன்ங்க" என்று திருத்துவார். வெள்ளை ஷூ போட்டார். தை மாதத்தில் பண்ருட்டியில் ஒரு கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு வானத்திலிருந்து ரோஜா இதழ் தூவ ஆர்டர் எடுத்தார். காற்று திரும்பிவிட்டதால் அத்தனை இதழும் நாலு தெரு தள்ளி எதிர்க்கட்சிக்காரரின் கண்டனப் பொதுக்கூட்டத்தில் கொட்டியது. வானமே என் பேச்சுக்குப் பூமாரி பொழிந்தது என்று அவர் மறுநாள் நோட்டீஸ் அடித்தார். கல்யாண வீட்டில் கொளஞ்சிநாதனைத் துரத்திக்கொண்டு வந்தார்கள் என்றாலும், விளம்பரம் விளம்பரம்தானே. திருப்பதிக்கு ஒரு டிரிப், வேளாங்கண்ணிப் பக்கம் வானத்தில் ஒரு சுற்று, வெள்ளிக்கிழமைதோறும் சென்னை. ஒருகாலத்தில் தான் முந்திரி டப்பாவைக் கேட்டிலேயே கொடுத்துவிட்டுத் திரும்பிய ஆபீசர்கள் கிளப்புக்குள் அவர் இப்போது நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இரண்டாவது விமானத்துக்கும் பேசிக்கொண்டிருந்தார்.

பிரபாவதியோ நாட்காட்டியில் ஒவ்வொரு தேதியாகக் கிழித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு தாள். ஜூலை ஒன்று என்று தேதி போட்ட தாள்.

அதற்குள் பலாப்பழ சீசன் வந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். சீசனில் எவனும் வெறுங்கையோடு சென்னைக்குப் போகமாட்டான். தலைமை அலுவலகத்தில் இருக்கிற பெரியவருக்கு ஒரு பழம், சகலைக்கு ஒரு பழம், பையனுக்கு சீட் வாங்கித் தரப்போகிறவருக்கு ஒரு பழம். காரில் போனவர்கள் டிக்கியில் வைத்துக்கொண்டு போனார்கள். விமானத்தில் போகிறவர்கள் மட்டும் குறைந்தவர்களா?

"லக்கேஜ் என்னங்க சார் இருக்கு?" என்று பிரபாவதி கேட்பாள்.

"ஒண்ணுமில்லம்மா. இந்த ஃபைல் மட்டும்தான்" என்பார் ராமசாமி. அவருக்குப் பின்னால் டிரைவர் இடுப்பை வளைத்துக்கொண்டு ஒரு பழத்தைச் சுமந்து வருவான்.

"அப்ப அதுங்க சார்?"

"அது லக்கேஜ் இல்லம்மா. பழம்."

ஒருநாள் யாரும் பார்க்காத நேரத்தில் பூச்சாடியை எடுத்து வைத்துவிட்டு ஒரு பழத்தைத் தராசில் ஏற்றினாள். பதினெட்டரை கிலோ. அன்றைக்கு விமானத்தின் வால்பக்கம் ஏழு பழங்கள் கிடந்தன. நேராகக் கொளஞ்சிநாதனிடம் போனாள்.

"சார், பழம் மட்டுமே ரெண்டு ஆளு எடைங்க. அதுவும் பின்னாடி. அவங்க எழுதிக் குடுக்கிற எடையும் நெசம் இல்லைங்க. ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் ஏதாவது ஆயிடும் சார்."

"பழத்த நிறுத்துப் பாத்தியா? அது யாருக்குப் போவுதுன்னு தெரியுமா உனக்கு? டெல்லியிலேர்ந்து வந்திருக்கிறவருக்குப் போவுது." கொளஞ்சிநாதன் குரலை இறக்கினார். "தபாரு, இன்னம் ஒரு மாசம். ஜூலை ஒண்ணு ஆர்டர் உன் கையில. அதுவரைக்கும் வாய மூடிகினு இரு."

அவள் வாயை மூடிக்கொண்டாள். அதற்காகத் தன்னையே வெறுத்தாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விமானம் புள்ளியாகி மறைகிறவரை ஷெட் வாசலில் நின்று பார்ப்பாள். அது மறைந்த பிறகுதான் காலையில் குடிக்காமல் வைத்த டீயைக் குடிப்பாள்.

2015 ஜூன் பதினெட்டு, வியாழக்கிழமை காலை ஏழு மணி. காற்றே இல்லை. முக்கியமான மீட்டிங் என்று ஒன்பது ஆபீசர்களும் வந்தார்கள். தலைக்கு ஒரு பழம், தங்கராசுவுக்கு மட்டும் கிரேடுக்குத் தக்கபடி இரண்டு. போதாததற்கு, மாதிரி காட்ட என்று கொளஞ்சிநாதன் இரண்டு மூட்டை முந்திரிப்பருப்பை வால்பக்கம் ஏற்றினார். லோடு ஷீட்டில் அதே அறுநூற்றுப் பன்னிரண்டு. பேப்பர் ஓகே.

விமானம் ஓடியது. முக்கால்வாசி ஓடியது. முழுக்க ஓடியது. கடைசியில் மூக்கை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று உட்கார்ந்தது. அப்படியே வேலியைப் பிய்த்துக்கொண்டு பக்கத்து முந்திரித் தோப்புக்குள் புகுந்து இரண்டு மரங்களுக்கு நடுவே இறக்கை செருகி நின்றது.

பிரபாவதி செருப்பு அறுந்தது தெரியாமல் அரை மைல் ஓடினாள். ஓடிக்கொண்டே கும்பிட்டாள். எந்தச் சாமியை என்று அவளுக்கு நினைவில்லை. கதவு திறந்து ஒவ்வொருவராக இறங்க, விரலை மடக்கி எண்ணினாள். ஒன்பது பேர், விமானிகள் இரண்டு பேர். பதினொன்று வந்ததும் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். ராமசாமிக்கு ஒரு முன்பல் போனதைத் தவிர யாருக்கும் ஒன்றுமில்லை.

ஆனால் பழங்கள் சாமான் கட்டும் வலையைக் கிழித்துக்கொண்டு முன்னால் உருண்டு வந்து வெடித்திருந்தன. ஒன்பது ஆபீசர்களும் தலைமுதல் கால்வரை சுளையும் பாலுமாக நின்றார்கள். பலாப்பால் தண்ணீருக்குப் போகுமா? தீயணைப்பு வண்டிக்காரர்கள் குழாயைச் சுருட்டி வைத்துவிட்டு, கேண்டீனிலிருந்து நல்லெண்ணெய் டின் வரவழைத்து ஒவ்வொருவருக்காகத் தேய்த்தார்கள். ஈ மொய்க்க மொய்க்க, தலைமயிர் மொத்தமும் ஒட்டிக்கொண்டு நின்ற தங்கராசு, அழுதுகொண்டிருந்த பிரபாவதியை நோக்கிக் கையை நீட்டினார்.

"லோடு போட்டது அவதான்."

விசாரணைக்குச் சென்னையிலிருந்து அன்புக்கரசி என்ற விமானத்துறைப் பெண் அதிகாரி வந்தார். நாற்பது வயசிருக்கும், அதிகம் பேசாதவர். படிவங்களை மேஜைமேல் வரிசையாகப் பரப்பினார். எழுபத்திரண்டு, எழுபத்தொன்று, எழுபது, அறுபத்தொன்பது. கடைசிவரை பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்னங்க இது, ஒன்பது பேரும் மாடிப்படியில நிக்கிறாங்களா?"

கொளஞ்சிநாதன் சிரிக்கப் பார்த்தார். அதிகாரி சிரிக்கவில்லை. தெளிவாகச் சொன்னார். ஜூன் முப்பது மதியம் பன்னிரண்டு மணிக்குள் ஒன்பது பேரும் தன் முன்னால் தராசில் ஏறவேண்டும். உண்மை எடை பதிவானால், முறை தவறு, ஆள் தவறு இல்லை என்று எழுதுவார். தராசைக் கட்டாயமாக்கிக் கம்பெனி மறுபடி பறக்கலாம். ஏறாவிட்டால் இரண்டில் ஒன்று. கிளார்க் எண்ணை மாற்றியிருக்கவேண்டும், அப்படியானால் அவள்மேல் வழக்கு. இல்லையேல் கம்பெனியே மறைத்திருக்கவேண்டும், அப்படியானால் லைசன்ஸ் போகும்.

ஒரு நிமிஷம் தராசில் ஏறி இறங்குகிற வேலை. அவ்வளவுதான். கொளஞ்சிநாதன் குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸாக ஏறி இறங்கினார். தங்கராசு, செப்டம்பரில் ரிட்டயர் ஆகப்போகிறவனை இப்போது போய் நிறுப்பதா என்று வருத்தப்பட்டார். ராமசாமி, "சார் ஏறினா நான் ஏறுறேன்" என்றார். ராமசாமி ஏறினால் அடுத்தவர் ஏறுவதாகச் சொன்னார். சரி, கீழேயிருந்து ஆரம்பிப்போம் என்று மதிவாணனிடம் போனால், "எனக்கு மேல எட்டுப் பேரு இருக்காங்க சார். நான் முந்திக்கிட்டு ஏறினா நல்லாவா இருக்கும்?" என்று கேட்டார். மூன்றாம் நாள் ஒன்பது பேரும் சேர்ந்து ஒரு கடிதம் கொடுத்தார்கள். தாங்கள் வெற்றுப் படிவத்தில்தான் கையெழுத்திட்டதாகவும், எடையை நிரப்பியது கிளார்க் பிரபாவதி என்றும் அதில் இருந்தது. ஒரு பெண் ஜெயிலுக்குப் போனாலும் பரவாயில்லை, அவர்கள் தராசுக்குப் போகமாட்டார்கள்.

ஜூன் இருபத்தொன்பது மாலை கொளஞ்சிநாதனே மந்தாரக்குப்பத்துக்கு வந்தார்.

"நீதான் நிரப்பினேன்னு எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுடும்மா. கேசு வந்தா நான் பாத்துக்கறேன். கொஞ்ச நாளு சஸ்பெண்ட்ல வச்சி அப்புறம் சேத்துக்கறேன்."

"பர்மனென்ட் ஆவாதவள யாருங்க சஸ்பெண்ட் பண்ணுவாங்க?" என்றாள் பிரபாவதி. "தூக்கித்தான் போடுவாங்க. எனக்குப் பர்மனென்ட் ஆர்டர மொதல்ல குடுங்க. அப்புறம் போடறேன்."

அதில் நியாயம் இருப்பதாக அவருக்கும் பட்டது. தலையாட்டிவிட்டுப் போனார்.

"போட்டுடு" என்றான் சிலம்பரசன். "பதினாலு வருசமா எவன் எவனுக்கோ போட்டுகினு தான இருக்க. இது ஒண்ணாவது உனக்காவப் போடறதா இருக்கட்டும்."

அவளும் போடுவதாகத்தான் இருந்தாள். இதை இங்கே சொல்லியாகவேண்டும். அவளை வீராங்கனை ஆக்கிப் பார்க்க எனக்கு ஆசை இல்லை.

மறுநாள் தராசைத் துடைத்து வைத்துவிட்டு அன்புக்கரசி பதினோரு மணியிலிருந்து காத்திருந்தார். ஒருவரும் வரவில்லை. பதினொன்றே முக்காலுக்குக் கொளஞ்சிநாதன் பிரபாவதியைப் பின்னறைக்குக் கூப்பிட்டு ஆர்டரைக் கையில் கொடுத்தார். முத்திரை போட்ட இரண்டு பக்கத் தாள். ஜூன் முப்பது முற்பகலிலிருந்தே நிரந்தரம். அவசரத்துக்கு, மருதமுத்து என்கிற ஓய்வுபெற்ற எஸ்டாபிளிஷ்மென்ட் கிளார்க்கைப் பிடித்து அடிக்கச் சொல்லியிருந்தார். மருதமுத்து முப்பது வருடம் பர்மனென்ட்காரர்களுக்கு ஆர்டர் அடித்த பழக்கத்தில், அவர்களுக்கு என்னென்ன போடுவாரோ அத்தனையையும் ஒன்றுவிடாமல் போட்டிருந்தார்.

பிரபாவதி உட்கார்ந்து அதைப் படித்தாள். பதினான்கு வருடம் காத்திருந்த தாள் ஆயிற்றே, ஒரு எழுத்தைக்கூட விட மனசு வரவில்லை. முதல் பாயின்ட், இரண்டாவது பாயின்ட் என்று பத்துப் பாயின்டையும் உதடு அசைய அசையப் படித்தாள். கொளஞ்சிநாதன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். படித்து முடித்து, மடித்து, கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"ம், இதுல போடு" என்று அடுத்த தாளை நீட்டினார். பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தது.

பேனாவை எடுத்தாள். தாளைப் பார்த்தாள். ஒரு தாளைப் படித்த கண் அடுத்த தாளையும் தானாகவே படிக்க ஆரம்பித்துவிட்டது. 'பயணிகளின் எடையை நானே என் மனம்போன போக்கில்' என்ற இடத்தில் கண் நின்றது. ஏழு பழம் கிடந்த அன்று இந்த மனம் பட்ட பாடு அவளுக்கு நினைவு வந்தது. ராமசாமியின் வாயில் வழிந்த ரத்தம், விரல் மடக்கி எண்ணிய பதினொன்று எல்லாம் நினைவு வந்தது. அவளுக்குக் கோபம் வந்தது. இத்தனை வருடம் எங்கே போயிருந்ததோ தெரியாத கோபம்.

பேனாவை மூடி மேஜைமேல் வைத்தாள்.

"இது என் டூட்டி இல்லைங்க சார்."

"இன்னாது?"

"எனக்கு சம்பந்தமில்லாத வேலைய செய்யச் சொல்லக்கூடாதுங்க. ஒம்பதாவது பாயின்ட்டு."

கொளஞ்சிநாதனின் முகம் கறுத்தது. "ஏய், விளையாடுறியா? இந்த நிமிசம் வேலைய விட்டுத் தூக்கிடுவேன்."

"மூணு மாசம் நோட்டீஸ் குடுக்கணுங்க சார். ஆறாவது பாயின்ட்டு."

"எவன்டி போட்டான் அந்தப் பாயின்ட்ட?"

"கீழ கையெழுத்து உங்களுதுதாங்க."

"நான் படிக்கலியே!"

"நானும் இத்தினி வருசம் எதையும் படிச்சதில்லைங்க சார்" என்றாள் பிரபாவதி. அவள் குரலில் கேலி இல்லை. அவர்மேல் அவளுக்கு உண்மையிலேயே கொஞ்சம் இரக்கமாக இருந்தது.

முன்னறைக்குப் போய் அன்புக்கரசியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர்கள் குறைத்து எழுதியதை, பழங்களை, மூட்டைகளை. "எனக்குத் தெரியும் மேடம். தெரிஞ்சிகினேதான் எழுதினேன்" என்றும் சொன்னாள்.

"அதையும் எழுதணும்மா. இனிமே எந்த விமானக் கம்பெனியிலயும் உனக்கு வேலை கிடைக்காது."

"எழுதுங்க மேடம்."

கெடிலம் ஏர்வேஸின் லைசன்ஸ் அடுத்த வாரமே போயிற்று. விமானத்தை இறக்கை கழற்றி ட்ரெய்லர் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கேப்டனுக்கும் பெட்டி தூக்கிய ஐந்து பேருக்கும் ஒரே நாளில் கணக்கு முடிந்தது. தங்கராசு செப்டம்பரில் மாலை மரியாதையோடு ஓய்வுபெற்றார். மற்ற எட்டுப் பேரும் ஒரு கிரேடு மேலே நகர்ந்தார்கள். ஜூலை ஒன்றாம் தேதி எழுத்தில் நோட்டீஸ் வாங்கிய பிரபாவதி மட்டும் மூன்று மாதமும் காலை ஒன்பதுக்கு ஷெட்டுக்கு வந்தாள். வேலை ஒன்றும் கிடையாது. நாற்காலியைத் துடைத்து உட்காருவாள், மாலை ஐந்துக்கு எழுந்து போவாள். நெய்வேலியில் அப்படி உட்காருவது ஒன்றும் புதிதல்ல என்று சிலம்பரசன் சொல்லிச் சிரித்தான்.

செப்டம்பர் முப்பது மாலை நாலு மணிக்குக் கொளஞ்சிநாதன் பூட்டோடு வந்தார். ஷெட்டை முந்திரி கோடவுனாக வாடகைக்கு எடுத்தவன் வெளியே லாரியோடு நின்றான்.

"சீக்கிரம் கெளம்பும்மா. பூட்டணும்."

"டூட்டி அஞ்சு மணி வரைக்குங்க சார்."

"அதான் எல்லாம் முடிஞ்சிபோச்சே. ஒரு மணி நேரத்துல இன்னா ஆவப்போவுது?"

"ஒண்ணும் ஆவாதுங்க" என்றாள் அவள். எழுந்திருக்கவில்லை.

கொளஞ்சிநாதன் அவளைப் பார்த்தார். வெளியே நின்ற லாரியைப் பார்த்தார். பிறகு எதிரே கிடந்த ஸ்டூலை இழுத்துப்போட்டு, பூட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஐந்து மணிவரை உட்கார்ந்திருந்தார்.